கட்டிலுக்கு அடியில் 206 பிரதிகள்

வர்த்தக சகோதரர்களே, இந்த வாரம் சீமெந்து விலை பற்றியோ வங்கிக் கடன் பற்றியோ எழுதப் போவதில்லை. எனது சொந்த நட்டக் கணக்கை உங்கள் முன் வைக்கப் போகிறேன். முப்பது வருடத்துக்கு மேலாக ஆணி, கம்பி, பெயின்ட் விற்றவன் நான். "வாங்க ஆள் இல்லாத சரக்கு உலகத்தில் இல்லை, விற்கத் தெரியாத ஆள்தான் உண்டு" என்று இதே பத்தியில் ஒரு தடவை எழுதியும் இருக்கிறேன். அந்த வாய்க்கொழுப்புக்குக் கிடைத்த தண்டனைதான் இந்தக் கதை.

சென்ற வருடம் என் பத்திகளில் சிலவற்றைத் தெரிந்தெடுத்து, எங்கள் பழைய கடைத்தெரு பற்றிய நினைவுகளையும் சேர்த்து ஒரு புத்தகமாகப் போட்டேன். புத்தகத்தின் பெயரை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் இது விளம்பரம், கட்டணம் கட்ட வேண்டும் என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். அவரும் வியாபாரிதானே.

மகன் கேட்டான், "வாப்பா, எத்தனை பிரதி?" 300 போதும் என்றார் அச்சகக்காரர். 500 அடித்தால் ஒன்றின் அடக்கவிலை குறையும் என்றும் அவரே சொன்னார். மொத்தமாக எடுத்தால் மலிவு என்று எத்தனை பேருக்கு நான் சொல்லியிருப்பேன்! அதே தூண்டிலில் நானே மாட்டினேன். 500 பிரதி, 190,000 ரூபா. ஒன்று 380 ரூபா. விலை 600 என்று பின்னட்டையில் போட்டோம்.

380 ரூபாவா என்று மலைக்காதீர்கள். 2022 இல் டொலர் ஏறியபோது கடதாசியும் கூடவே ஏறியது. அந்த வருடம் மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே ஒத்திவைத்தார்கள். அதற்கு முன் எனக்குச் சொன்ன விலையையும் பிறகு சொன்ன விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அழுகைதான் வரும்.

முதற் பிரதி பெறும் வர்த்தகர்

யாழ்ப்பாணத்தில் புத்தக வெளியீடு எப்படி நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தலைமையுரை, வாழ்த்துரை, வெளியீட்டுரை, நயப்புரை, கடைசியில் நூலாசிரியரின் ஏற்புரை. இடையில் ஒரு முக்கியமான கட்டம் இருக்கிறது. "முதற் பிரதியைப் பிரபல வர்த்தகர் அவர்கள் பெற்றுக்கொள்வார்." அந்தப் பிரபல வர்த்தகர் பெரும்பாலும் நம்மில் ஒருவர்தான். கையில் ஒரு உறை இருக்கும். உறையைக் கொடுத்து, புத்தகத்தை வாங்கி, படப்பிடிப்பாளரைப் பார்த்து ஒரு சிரிப்பு. அடுத்த நாள் பத்திரிகையில் படம். அந்தப் புத்தகம் பிறகு எங்கே போனது என்று யாரும் கேட்பதில்லை.

நானும் அப்படிப் பல மேடைகளில் நின்றவன். இந்த முறை மேடையின் மற்றப் பக்கத்தில் நின்றேன். அப்போதுதான் விளங்கியது, உறையின் தடிப்பைக் கையால் தடவிப் பார்க்கும் ஆசையை அடக்குவது எவ்வளவு கஷ்டம் என்று.

பிரதம விருந்தினர் முக்கால் மணி நேரம் பிந்தி வந்தார். நயப்புரை செய்தவர் அட்டைப்படத்தின் அழகைப் பற்றி இருபது நிமிடம் பேசினார், பிறகு தன் பாடசாலைக் காலத்தைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். உள்ளே இருந்த ஒரு பக்கத்தைப் பற்றியாவது சொல்வார் என்று நான் காத்திருந்தேன். "நேரம் போதாமையினால்" என்று முடித்துவிட்டார். என் ஏற்புரை வந்தபோது சபையில் பாதிப்பேர் வடையும் பிளேன்டீயும் இருந்த பக்கம் எழுந்து போயிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன், வடை நன்றாக இருந்தது. அதற்கும் நான்தான் காசு கொடுத்தேன்.

மண்டபம், ஒலிபெருக்கி, அழைப்பிதழ், சிற்றுண்டி எல்லாம் சேர்த்து 45,000 ரூபா. அன்று 118 புத்தகம் போனது. உறைகள் 94. மிச்சம் 24 பேர் வெறுங்கையோடு வந்து புத்தகத்தோடு போனார்கள். வீட்டுக்கு வந்து உறைகளைத் திறந்தோம். ஒன்றுக்குள் காசே இல்லை, காலி உறை. மறதியா, விமர்சனமா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. மொத்தம் 141,500 ரூபா. பரவாயில்லை என்றுதான் அன்று இரவு படுத்தேன்.

பூக்கடையும் புத்தகக்கடையும்

பூக்கடைக்கு விளம்பரம் தேவையில்லை என்பார்கள். புத்தகக்கடைக்குத் தேவை. மூன்று கடைகளில் இருபது இருபதாக வைத்தேன். கழிவு நூற்றுக்கு 35. அதாவது 600 ரூபாவில் 210 கடைக்கு, 390 எனக்கு. அடக்கவிலை 380. ஒரு புத்தகத்துக்கு இலாபம் பத்து ரூபா. ஒரு பிளேன்டீ குடிக்கக் காணாது. கடைக்காரரில் பிழை இல்லை, அவருக்கும் வாடகை இருக்கிறது, மின்சாரப் பட்டியல் இருக்கிறது. மூன்று மாதம் கழித்துக் கணக்குப் பார்த்தேன். விற்றது 11.

மகன் முகநூலில் போட்டான். 312 பேர் விருப்பம் தெரிவித்தார்கள். வாங்கியவர் இரண்டு பேர், அதில் ஒருவர் என் மச்சான். கனடாவிலிருந்து ஒரு சொந்தக்காரர் வட்ஸ்அப்பில் குரல் அனுப்பினார். "நானா, மாஷா அல்லாஹ், நல்ல வேலை செய்திருக்கீங்க. பிடிஎஃப் இருந்தா அனுப்புங்க." தபாலில் அனுப்புகிறேன் என்றேன். விசாரித்தபோது தபால் செலவு புத்தக விலையைத் தாண்டியது. வாளியை விடக் கயிறு விலை கூடிய வியாபாரம் இது.

ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலில் நின்று விற்கலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். ஒரு வெள்ளிக்கிழமை பையோடு போனேன். செருப்பைத் தேடிக்கொண்டு நிற்கும் மனிதனிடம் புத்தகத்தை நீட்டுவது நாகரிகம் இல்லை என்று பட்டது. பையைத் திறக்காமலே திரும்பி வந்தேன்.

பிறகு என் கடை மேசையிலேயே, அளவு நாடாக்களுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்தேன். ஒரு வாடிக்கையாளர் எடுத்துப் புரட்டினார். எனக்கு நெஞ்சு படபடத்தது. "என்ன நானா, ரெண்டு பாக் சீமெந்து எடுத்தா இது சும்மாவோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப ஒரு பெயின்ட் பிரஷ் தாங்கோ" என்றார். இப்படியெல்லாம் இருந்தும் கடை மேசையில் 46 விற்றது. அது புத்தகத்தின் திறமையா, கடன் கேட்க வந்தவர்களின் பணிவா என்று நான் ஆராயவில்லை.

இனாமாகப் போனது 70. அதில் யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குக் கொடுத்த இரண்டைப் பற்றி எனக்கு வருத்தமே இல்லை. 1981 மே 31 இரவு தொடங்கிய தீ வைப்பில் சுமார் 97,000 நூல்களை இழந்த இடம் அது. அங்கே ஒரு புத்தகம் வைப்பது இந்த ஊரில் பிறந்த யாருக்கும் கடமை. மற்ற 68 பற்றித்தான் பேச்சு. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நான் அளக்கவே இல்லை.

500 இல் இவையெல்லாம் போக மிச்சம் 206. ஏழு பெட்டி. கட்டிலுக்கு அடியில் வைத்தோம். "வெங்காயம் வைக்கிற இடம் அது" என்றார் மனைவி. "வெங்காயம் முளைக்கவாவது செய்யும்" என்றும் சொன்னார்.

எனக்கு முன்னே பட்டவர்கள்

என் துக்கம் பெரிது என்று நினைத்துக்கொண்டு கொஞ்சம் வரலாறு பார்த்தேன். ஆறுதல் கிடைத்தது. அமெரிக்காவில் தோரோ என்று ஒரு பெரிய எழுத்தாளர். 1849 இல் முதல் புத்தகத்தைச் சொந்தப் பொறுப்பில் ஆயிரம் பிரதி அச்சிட்டார். நாலு வருடம் கழித்து வெளியீட்டாளர் விற்காத 706 பிரதிகளையும் அவர் வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிட்டார். தன்னிடம் இப்போது சுமார் தொள்ளாயிரம் நூல்கள் கொண்ட நூலகம் இருக்கிறது, அதில் எழுநூறுக்கு மேல் தானே எழுதியவை என்று அவர் நாட்குறிப்பில் பகிடியாக எழுதி வைத்தார். 706 எங்கே, என் 206 எங்கே! மனைவியிடம் இதைச் சொன்னேன். அந்த மனிதர் கல்யாணம் செய்திருந்தாரா என்று கேட்டார். இல்லை என்றேன். "அதுதானே" என்றார்.

அதே 1849 இல்தான் நல்லூர் ஆறுமுக நாவலர் சென்னைக்குப் போய் அச்சியந்திரம் வாங்கி வந்து வண்ணார்பண்ணையில் நிறுவினார். உ. வே. சாமிநாதையர் 1887 இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, அச்சுச் செலவுக்காகப் புத்தகம் வருமுன்பே ஊர் ஊராகக் கையொப்பம் சேர்த்தார். இன்றைக்கு முற்பதிவு என்று பெரிய கம்பனிகள் செய்வது அதுதான். எத்தனை பேர் வாங்குவார்கள் என்று தெரிந்துகொண்டு அச்சுக்குப் போவது. நான் செய்தது நேர்மாறு. அச்சடித்துவிட்டு ஆள் தேடினேன்.

நமது பக்கத்திலும் பெரிய உதாரணம் இருக்கிறது. உமறுப் புலவர் சீறாப்புராணம் பாடக் காரணமாக நின்றவர் கீழக்கரை வள்ளல் சீதக்காதி. அவர் மறைந்தபின் கைகொடுத்தவர் பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயர். இருவரும் வணிகச் செல்வர்கள். அன்றைய வியாபாரி நூல் எழுதப்படும்போதே புலவருக்குத் துணையாக நின்றார். இன்று நாங்கள் நூல் முடிந்தபின் உறையோடு வருகிறோம்.

இந்த யாழ்ப்பாணத்திலேயே என் கண்ணால் பார்த்த ஒருவரைச் சொல்ல வேண்டும். மல்லிகை ஆசிரியர் டொமினிக் ஜீவா. கஸ்தூரியார் வீதியில் ஜோசப் சலூனில் முடி திருத்திக்கொண்டே, 1966 ஆகஸ்ட்டில் மல்லிகை சஞ்சிகையைத் தொடங்கியவர். நாங்கள் சிறுவர்களாக இருந்த காலத்தில் அவர் கையில் சஞ்சிகைக் கட்டோடு வீதியில் வருவதைப் பார்த்திருக்கிறேன். தானே எழுதி, தானே அச்சிட்டு, தானே நடந்து விற்றார். யுத்தத்தால் தொண்ணூறுகளில் கொழும்புக்கு இடம்பெயர்ந்தும் நிறுத்தவில்லை. 2012 வரை மல்லிகை வந்தது. நானூறு இதழுக்கு வந்துவிட்டது. 2021 ஜனவரி 28 இல் 93 வயதில் காலமானார்.

வியாபாரியாக நான் அவரிடம் படிக்கும் பாடம் இது. அவர் யாரிடமும் உறை எதிர்பார்க்கவில்லை. விலையைச் சொன்னார், சரக்கைக் கொடுத்தார், காசை வாங்கினார். தன் எழுத்துக்குக் காசு கேட்க அவர் கூச்சப்படவில்லை. எனக்கு ஆணிக்குக் காசு கேட்கக் கூச்சம் இல்லை, புத்தகத்துக்கு மட்டும் இருந்தது. கூச்சப்பட்டு இனாமாகக் கொடுத்த எழுபது பேரில் ஒருவராவது வாசித்ததாக எனக்குச் சொல்லவில்லை.

அலுமாரியில் இருந்த குற்றப்பத்திரிகை

உறையில் 5,000 ரூபா வைத்துத் தந்த ஒரு நண்பர் வீட்டுக்கு ஒரு நாள் போனேன். என் புத்தகம் சுற்றிய தாள் பிரியாமல் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே இருந்தது. மனம் உடைந்து வீட்டுக்கு வந்து, என்ன தோன்றியதோ, என் அலுமாரியைத் திறந்து பார்த்தேன். மேடைகளில் நான் பெற்ற புத்தகங்கள் 31 இருந்தன. அவற்றில் பக்கம் புரட்டியது நாலு. மிச்சம் 27 பேரின் மனத்தை நான் ஏற்கெனவே உடைத்திருக்கிறேன். அன்றிலிருந்து வாரம் ஒன்றாக வாசித்து வருகிறேன், இப்போது ஒன்பதாவதில் நிற்கிறேன். வாசித்து முடித்ததும் எழுதியவருக்குத் தொலைபேசி எடுப்பது வழக்கம். இரண்டு பேர் நம்பவில்லை. ஒருவர் நான் ஏதோ கடன் கேட்கப் போகிறேன் என்று பயந்துவிட்டார்.

அழைப்பிதழ் கிடைக்காத வாசகர்

இனி உண்மையான விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு முதியவர் கடைக்கு வந்தார். கொக்குவில் பக்கம், வயது எழுபதைத் தாண்டும், ஓய்வு பெற்ற மேசன். கையில் என் புத்தகம். உள்ளே அடையாளத்துக்குப் புத்தகக் கடையின் பற்றுச்சீட்டு. விற்ற பதினொன்றில் ஒன்று! ஓரங்களில் தட்டையான தச்சுப் பென்சிலால் கோடு போட்டிருந்தார்.

"தம்பி, நீர் எழுதினது முழுக்கச் சரியெண்டு சொல்லேலாது. ஒம்பது பிழை இருக்கு" என்றார்.

"எங்க அண்ணை?"

"43ஆம் பக்கத்தில உங்கட வாப்பான்ர கடைக்குப் பக்கத்தில தையல்கடை எண்டு போட்டிருக்கிறீர். இடையில ஒரு சலூன் இருந்தது. மறந்து போனீரோ?"

எனக்கு மறந்துதான் போயிருந்தது. 1990 அக்டோபர் 30 அன்று எனக்கு 22 வயது. இரண்டு மணி நேரத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற வேண்டும் என்று புலிகள் எங்களுக்குச் சொன்னார்கள். கடையைப் பூட்டிய சாவி வாப்பாவின் மடியில் இருந்தது. பற்று வரவுக் கொப்பிகள் உள்ளே கிடந்தன. யார் எங்களுக்குத் தர வேண்டும், நாங்கள் யாருக்குக் கொடுக்க வேண்டும் என்ற முழுக் கணக்கும் அதில் இருந்தது. வாப்பா புத்தளத்தில் இருந்த காலமெல்லாம் அந்தக் கொப்பியைத்தான் நினைத்துக் கவலைப்பட்டார். காசுக்காக அல்ல, கொடுக்க வேண்டியவர்களுக்குக் கொடுக்காமல் மௌத்தாகிவிடுவேனோ என்று. 1998 இல் அங்கேயே அடங்கினார். 2002 இல் ஏ-9 பாதை திறந்தபின் நான் வந்து பார்த்தேன். நிரந்தரமாகக் கடை திறந்தது 2010 இல். கொப்பி ஒன்றும் கிடைக்கவில்லை. அந்தத் தெருவை நினைவில் இருந்து எழுத வேண்டும் என்பதுதான் இந்தப் புத்தகத்துக்கே காரணம்.

அவருக்குக் கதிரை போட்டேன். சீமெந்துப் பட்டியலின் பின்பக்கத்தில் அவர் கோடு கீறத் தொடங்கினார். அந்தத் தெருவில் எத்தனை சுவருக்குப் பூச்சுப் பூசியவர்! எந்தக் கடைக்கு எத்தனை கதவு, எந்தக் கடைப் படியில் ஒரு கல் உடைந்திருந்தது என்றெல்லாம் சொன்னார். மாலை வரை இருந்தோம். 23 கடைகள் வந்தன. நாலு இடம் மட்டும் வெறுமையாக நின்றது.

எழுந்து போகும்போது, "உங்கட வாப்பாவுக்கு நான் கொஞ்சக் காசு குடுக்க வேணும் தம்பி. எவ்வளவெண்டு சொல்லமாட்டன், முப்பத்தைஞ்சு வரிய வட்டி கேப்பீர்" என்று சிரித்தார்.

"நாங்க வட்டி வாங்குறதில்ல அண்ணை" என்றேன்.

"அது தெரிஞ்சுதானே சொல்லுறன்" என்றார். இருவரும் சிரித்தோம். சிரிப்பு முடிந்தபின் எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. வாப்பாவின் கொப்பியில் இருந்த ஒரு பெயர் தானாக நடந்து வந்து என் முன்னால் இருந்தது.

அந்தத் தாளைப் படம் எடுத்துப் புத்தளத்திலும் நீர்கொழும்பிலும் இருக்கும் எங்கள் பெரியவர்களுக்கு அனுப்பினேன். அன்று இரவே சண்டை தொடங்கிவிட்டது. சந்தியில் முதலாவது கடை யாருடையது என்பதில் இரண்டு பேருக்கு இன்னும் பேச்சு இல்லை. நாலு வெறுமையில் மூன்று நிரம்பியது. ஒரு கிழமையில் புத்தளத்திலிருந்து 40 பிரதி கேட்டார்கள். முழு விலை, 24,000 ரூபா, காசு முதலில் வந்தது. உறையில் இல்லை, வங்கியில்.

கணக்கு முடிப்பு

இதில் வியாபாரிகள் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன?

சரக்கு செய்யுமுன் வாங்குபவரைத் தேடுங்கள். என் புத்தகத்தை வாங்க ஆள் புத்தளத்தில் இருந்தார், நான் யாழ்ப்பாணத்தில் வடை கொடுத்துக்கொண்டு நின்றேன்.

இனாமாகப் போன பொருளுக்கு மதிப்பு இல்லை. 600 ரூபா கொடுத்தவர் பென்சிலோடு வாசித்தார். சும்மா வாங்கியவர் தாளைக் கூடப் பிரிக்கவில்லை.

முறைப்பாடு வந்தால் கோபிக்காதீர்கள். சரக்கைப் பாவித்தவன்தான் முறைப்பாடு செய்வான். மேடையில் கிடைத்த நாற்பது நிமிடப் புகழ்ச்சியை விட அந்த ஒன்பது பிழைகள் எனக்குப் பெறுமதியானவை.

கடைசியாக, அடுத்த முறை முதற் பிரதி வாங்க உங்களை அழைத்தால் கட்டாயம் போங்கள், உறையும் கொடுங்கள். ஆனால் வீட்டுக்கு வந்து தாளைப் பிரித்து, பத்துப் பக்கமாவது வாசியுங்கள். எழுதியவர் கட்டிலுக்கு அடியில் பெட்டிகளை எண்ணிக்கொண்டு இருப்பார் என்பதை மறக்காதீர்கள்.

என் கணக்கு இது: செலவு 235,000. இதுவரை வரவு 197,390. நட்டம் 37,610. கட்டிலுக்கு அடியில் 166 பிரதி. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பிழைதிருத்தத் தாள் அச்சடித்து வைத்துக்கொண்டிருக்கிறேன், பின்பக்கத்தில் கடைத்தெருவின் படத்தோடு. இன்னும் ஒரு கடை மட்டும் வெறுமையாக இருக்கிறது. சலூனுக்கு எதிரே, இரட்டைக் கதவு, உள்ளே ஒரு தராசு இருந்ததாம். யாருடைய கடை என்று உங்களில் யாருக்காவது நினைவிருந்தால் பத்திரிகை முகவரிக்கு ஒரு வரி எழுதுங்கள். புத்தகம் வாங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

வாங்கினால் 600 ரூபா.